சாம்பல் நிறப் பட்டை

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. ‘சார்ட்டக்கா’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். தனியாக வாழ்ந்து, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போனவர்களைக் கேஸாகப் பதிந்து, ஆள் அனுப்பிக் கவனிக்கிற அலுவலகம் அது. பன்னிரண்டு கள ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். அவர்கள் போனது, பார்த்தது, கேட்டது எல்லாம் கணினியில் ஏறும். ஏறியதை அறிக்கையாக்கி, அறிக்கையின் தலையில் ஒரு சார்ட்டை உட்காரவைப்பது அவள் வேலை. பதினொரு வருடமாக அதே நாற்காலி, அதே சன்னல், சன்னலுக்கு வெளியே அதே ஏசிப் பெட்டியின் முதுகு.

அவள் போட்ட சார்ட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் தினமும் பார்த்தது ஒன்றைத்தான். ஒருவரைக் கடைசியாகப் போய்ப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று காட்டுகிற சார்ட். முப்பது நாளுக்குள் என்றால் பச்சைப் பட்டை, அறுபதுக்குள் மஞ்சள், அதைத் தாண்டினால் சிவப்பு. பட்டையைச் சொடுக்கினால் அதற்குள் இருக்கிறவர்களின் பட்டியல் திறக்கும். கள ஆட்கள் காலையில் வந்ததும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் சிவப்பைச் சொடுக்கி, நாலைந்து முகவரிகளைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முழுப் பட்டியலையும் திறந்து வரிவரியாகப் பார்க்கிற பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிற்று. சார்ட்டில் இருந்தால் ஆள் உண்டு, இல்லையென்றால் இல்லை.

நான்காவதாகவும் ஒரு பட்டை இருந்தது. சாம்பல் நிறம். அடியில் பெயர் கிடையாது. ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்காத கேஸுக்குக் கடைசியாகப் பார்த்த தேதி என்று ஒன்று எங்கிருந்து வரும்? தேதி இல்லாதவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் மென்பொருள் தானாக ஓர் ஓரத்தில் அடுக்கிவைத்த பட்டை அது.

ஏழு மாதத்துக்கு முன்னால், மேற்பார்வைக் குழு வரவிருந்த வாரத்தில், இயக்குநரம்மா அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“என்னம்மா இது, அழுக்காட்டம்?”

“தேதி இல்லாத கேஸ் மேடம். முக்காவாசி குப்பை. ஒரே ஆளை ரெண்டு தடவை பதிஞ்சது, பழகிப் பாக்கப் போட்டது, வேற ஏரியாவுக்கு மாத்தினது.”

“குப்பையக் கொண்டுபோய் நாலு பேர் முன்னாடி வெப்பாங்களா? எடுத்துடு.”

அவள் பட்டியலைத் திறந்து பார்க்காமல் இல்லை. அறுபத்தொரு வரிகள், மூன்று பக்கம். முதல் பக்கத்தில் இருந்ததெல்லாம் குப்பைதான். ‘சோதனை ஒன்று’, ‘சோதனை இரண்டு’, ‘அழிக்கவும்’ என்றே பெயர் கொண்ட ஒருவர். இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள் சாப்பாட்டு மணியாகிவிட்டது. சார்ட்டின் அமைப்புப் பக்கத்தில், நிறத்துக்கும் எழுத்தளவுக்கும் கீழே, ‘வெற்று மதிப்புகளை மறை’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் ஒரு டிக் போட்டாள். சேமித்தாள். சாம்பல் பட்டை போன இடம் தெரியவில்லை. மற்ற மூன்றும் இடம் கிடைத்ததென்று அகலமாகக் காலை நீட்டிக்கொண்டன. குழு வந்து பார்த்தது. இப்போதுதான் பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

மீதி இரண்டு பக்கத்தை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

இந்தத் திங்கட்கிழமை, லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு மனிதரைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள். இடது கையும் காலும் விழுந்துபோனவர். இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கீழே சலவைக்கடை வைத்திருப்பவர்தான் ஏழு மாதத்துக்கு முன்னால் அலுவலகத்துக்குப் போன் செய்து, மேலே ஒருத்தர் இறங்க முடியாமல் கிடக்கிறார், வந்து பாருங்கள் என்று சொன்னவர். கேஸ் பதிவாகியிருந்தது. எண் இருந்தது, முகவரி இருந்தது. வருகை என்ற இடத்தில் ஒன்றுமேயில்லை.

அது நெட்டையன் ஏரியா. நெட்டையன் என்றால் கள ஆட்களிலேயே உயரமானவன். எந்த வாசலிலும் குனிந்தே நுழைந்து பழகி, குனிய வேண்டாத இடத்திலும் குனிகிறவன். அன்றைக்கே அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை குழு முன்னால் விசாரணை. பெரும்பாலும் வேலை போய்விடும் என்று பேச்சு. போகட்டும், வேறு வேலை கிடைக்கும். ஆளைச் சாகவிட்டவன் என்ற பேர் எங்கே போனாலும் கூடவே வருமே.

புதன்கிழமை முற்பகலில் தன் பொருட்களை எடுக்க வந்தவன் அவள் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். முழங்கால் மேசையில் இடித்தது.

“அக்கா, அந்தப் பேரே எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாச் சொல்றேன்.”

“ம்.”

“சிவப்புல இருந்த ஒரு ஆளை நான் விட்டிருக்கேனா? நீங்களே சொல்லுங்க. காய்ச்சலோட போயிருக்கேன்க்கா. நேத்து எம்பொண்டாட்டி கேக்கறா, மூணு மாடி ஏற சோம்பேறித்தனமான்னு. வீட்லயே அப்படிக் கேக்கறாங்க.”

அவள் கேஸைத் திறந்து பதிவான தேதியைப் பார்த்தாள். “இந்த வாரம் நீ எங்க இருந்த?”

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். “எங்கப்பா செத்த வாரம்.”

புதிதாக ஒரு கேஸ் வந்தால் பதிவு மேசைக்காரர் அந்த ஏரியா ஆளுக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வழக்கம். சாவு வீட்டில் இருக்கிறவனை எப்படிக் கூப்பிடுவது என்று விட்டிருப்பார். எப்படியும் சார்ட்டில் வரும், பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருப்பார். அவர் நினைத்ததிலும் தப்பில்லை.

“சார்ட்டுல இருந்திருந்தா நான் போயிருப்பேன்லக்கா?” என்றான் நெட்டையன். குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. உண்மையிலேயே அது அவனுக்குப் புரியவில்லை. “எப்படிக்கா இல்லாமப் போச்சு?”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏசிப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.

“பாக்கறேன்” என்றாள்.

அவன் போன பிறகு சார்ட்டைத் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி நகல் எடுத்தாள். அமைப்புப் பக்கத்துக்குப் போய், டிக்கை எடுத்தாள். சாம்பல் பட்டை மறுபடி எழும்பியது. இந்தத் தடவை ஓரமாக ஒடுங்கி நிற்கவில்லை. சிவப்பைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி வளர்ந்து நின்றது. எண்பத்தெட்டு.

நான்கு பக்கத்தையும் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நான்கு குப்பை. மீதி முப்பத்து நான்கும் ஆட்கள். வயது, தெரு, மாடி, ஒரு வரிக் குறிப்பு. ‘நடக்க முடியாது, சாவி பக்கத்து வீட்டில்.’ ‘கண் தெரியாது, பூனை வைத்திருக்கிறார்.’ ‘யாரையும் உள்ளே விடமாட்டார், பொறுமையாகப் பேசவும்.’ முப்பத்து நான்கில் ஒருவர் மூன்றாவது மாடிக்காரர்.

அவருடைய கேஸ் பதிவானது, அவள் டிக் போட்டு ஒன்பது நாள் கழித்து. அப்படியானால் அன்றைக்கு மீதிப் பக்கங்களைப் பார்த்திருந்தாலும் அவர் அகப்பட்டிருக்க மாட்டார். இந்த நினைப்பு கொஞ்ச நேரம் ஒத்தடம் கொடுத்தமாதிரி இருந்தது. அப்புறம் அதுவும் சுட்டது. டிக் இல்லாமல் இருந்திருந்தால், காரியம் முடிந்து நெட்டையன் வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே அவர் பட்டையில் நின்றுகொண்டிருந்திருப்பார். அவள் அவரை மறைக்கவில்லை. பதிவாகும்போதே கண்ணில் படாதபடி செய்துவிட்டிருந்தாள்.

எல்லாரும் பார்க்கிற சார்ட்டில் டிக்கை எடுத்தால், நாளைக் காலை பன்னிரண்டு பேரும் கேட்பார்கள், இது எங்கிருந்து முளைத்தது என்று. எடுக்காமல், முப்பத்து மூன்று முகவரிகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் திணிக்கலாமா? ஏழு மாதப் பழைய தேதியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று முதல் ஆளே கேட்பான்.

மூன்று மணிக்கு இயக்குநரம்மா கூப்பிட்டனுப்பினார். அவருக்கும் கண்ணடியில் கருமை விழுந்திருந்தது.

“நாளைக்கு ஒரு சார்ட் வேணும். மாசத்துக்கு யார் யார் எத்தனை வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு. நெட்டையனை மட்டும் சிவப்புல போடு.”

“மத்தவங்களுக்கு அறுபது சொச்சம் மேடம். அவனுக்கு நாப்பத்தொம்பது. அவன் ஏரியாவுல ஒரு கட்டடத்துக்கும் லிஃப்ட் கிடையாது.”

“அது தெரியும். உயரம் காட்டற அச்சைப் பூஜ்யத்துல ஆரம்பிக்காத. நாப்பத்தஞ்சுல இருந்து ஆரம்பி. வித்தியாசம் கண்ணுல படணும்.”

நாற்பத்தைந்தில் ஆரம்பித்தால் மற்றவர்கள் ஆளுயரத்துக்கு நிற்பார்கள், நெட்டையன் கணுக்கால் உயரம் இருப்பான். கேட்பதற்குச் சின்ன அமைப்பு மாற்றம்தான்.

“மேடம், அந்தச் சாம்பல் பட்டை...”

“எந்தப் பட்டை?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நிஜமாகவே மறந்துவிட்டாரா, மறந்தமாதிரி காட்டுகிறாரா, சொல்ல முடியவில்லை.

“போன தடவை குழு வந்தப்ப எடுக்கச் சொன்னீங்களே.”

இயக்குநரம்மா பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். “இப்பப் போய் எதையும் கிளறாத. நாளைக்கு ஒரு நாள் போகட்டும்” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது புருஷன் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். கையில் எப்போதும் கிரீஸ் வாசம் இருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. அவள் பையைக்கூட இறக்காமல் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை.

“நீ சொல்லலைன்னா யாருக்காவது தெரியவருமா?”

“வராது.”

“அப்புறம் எதுக்கு எங்கிட்ட சொன்ன?”

அவள் பையை மேடைமேல் இறக்கினாள். அவன் இன்னொரு வெங்காயத்தை எடுத்தான். அதை உரித்து முடித்தான்.

“கதவு சென்சார் சும்மாச் சும்மாக் கத்துதுன்னு சொல்வாங்க” என்றான். “குறுக்க ஒரு வயரைப் போட்டு வாயடைச்சிட்டு வந்துடுவோம். லிஃப்ட் அருமையா ஓடும். நல்ல மெக்கானிக்னு பேரு வேற. நானும் போட்டிருக்கேன்.”

“போட்டுட்டு?”

“மறுநாள் போய்க் கழட்டிடுவேன். போட்ட ராத்திரி தூக்கம் வராது.”

“நீங்க மறுநாளே போயிடுவீங்க.”

“ஆமா” என்றான், அவளைப் பார்க்காமல். “நீ ஏழு மாசமாக்கிட்ட.”

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவனே மூக்கைத் துடைத்துக்கொண்டான். வெங்காயமா என்று அவள் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்ட அறையில் திரையை இறக்கினார்கள். குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற மருத்துவர், காது கொஞ்சம் மந்தம், எதையும் இரண்டு தடவை கேட்பார். நெட்டையன் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். கணினியின் முன்னால் அவள்.

முதலில் வருகைக் கணக்கின் சார்ட்டைத் திறந்தாள். அச்சு பூஜ்யத்தில் ஆரம்பித்தது. பன்னிரண்டு பட்டைகளும் ஒரே நிறம். நெட்டையனுடையது ஒரு விரலளவு குட்டையாக இருந்தது, அவ்வளவுதான்.

“நான் சொன்னமாதிரி இல்லையே” என்றார் இயக்குநரம்மா, உதடு அசையாமல்.

“இல்ல மேடம்.”

அவள் அதை மூடினாள். எல்லாரும் தினமும் பார்க்கிற சார்ட்டைத் திறந்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு. அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அந்தக் கட்டம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது, உள்ளே டிக்கோடு. அம்புக்குறி அதன்மேல் போய் நின்றது. அவள் விரல் அசையவில்லை. தலைவர், “மெஷின் நின்னுபோச்சா?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

சொடுக்கினாள். மற்ற மூன்றும் ஒடுங்கி வழிவிட, சாம்பல் பட்டை சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மேலே ஏறி நின்றது.

“இது என்ன?”

“ஒரு தடவைகூடப் போய்ப் பாக்காதவங்க சார். எண்பத்தெட்டு இருக்கு. அதுல முப்பத்து நாலு பேர் நிஜ ஆளுங்க. செத்துப்போனவர் இதுக்குள்ளதான் இருக்கார். ஏழு மாசமா இந்தப் பட்டை யார் கண்ணுக்கும் தெரியாம இருந்துச்சு. இவன் கண்ணுக்கும் தெரியல.”

“யாரு மறைச்சது?”

“நான்.”

“என்னது?”

“நான்தான் சார்” என்றாள், கொஞ்சம் சத்தமாக. “எடுக்கச் சொன்னது மேடம். எடுத்தது நான். உள்ள யார் இருக்காங்கன்னு கடைசி வரைக்கும் பாக்காம விட்டதும் நான்.”

எல்லாரும் இயக்குநரம்மாவைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். “குப்பையத்தானே எடுக்கச் சொன்னேன்?” என்றார் மெதுவாக. “ஆளை எடுக்கச் சொன்னேனா?”

“இல்ல மேடம்.”

அவள் பட்டையைச் சொடுக்கினாள். பெயர்களும் தெருக்களும் சுவர் முழுக்க இறங்கின. நெட்டையன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தான். அவன் நிழல் பாதிப் பட்டியலை மறைத்தது, மற்றவர்களுக்காகக் குனிந்துகொண்டான்.

“இது என் தெரு” என்றான். “இதுவும். இந்தக் கட்டடத்துக்குப் போன வெள்ளிக்கிழமை போனேன். ரெண்டாவது மாடி, இடதுபக்கக் கதவு. இவங்க வலதுபக்கம்.” அதற்குமேல் படிக்காமல் நின்றான். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, “சார், என்னை அப்புறம் விசாரிங்க” என்றான்.

அப்படித்தான் ஆயிற்று. பதினொரு மணிக்குப் பன்னிரண்டு பேருக்கும் முகவரிகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். கால்கள் வேண்டுமே, நெட்டையன் மேல் போட்டிருந்த தடையை ஒரு வரி எழுதி எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவளுடைய லாகினை நிறுத்தினார்கள். சாயங்காலம் வரைக்கும் இருந்து போனை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். நாளை முதல் வர வேண்டாம், கடிதம் வரும்.

கிளம்பும்போது நெட்டையன் அவள் மேசையருகே நின்றான். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வான் என்று அவள் எதிர்பார்த்திருக்கக்கூடாது, ஆனாலும் எதிர்பார்த்தாள்.

“மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சுடாதீங்கக்கா” என்றான். “நேத்து இங்கதான் உக்காந்து கேட்டேன்.”

மதியம் முழுக்கப் போன் அடித்தது. அவள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார், கதவைத் திறந்ததும் திட்டினார். அவருடைய அக்கா வந்து அழைத்துப்போய்விட்டாராம். இரண்டு மாதம் முன்பே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கிறார், சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றென்று தெரியவில்லை. ஐந்து மணிக்கு முப்பத்திரண்டு ஆகியிருந்தது. அவர்களில் இறந்துபோனவர்கள் இரண்டு பேர்.

ஐந்தரைக்கு நெட்டையன் பேசினான். மூச்சு வாங்கியது.

“நாலாவது மாடிக்கா. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். விளக்கு எரியுது. தட்டறேன், பதில் இல்ல.”

“உடைச்சிடு.”

போனை அவன் கீழே வைத்திருக்க வேண்டும். மரத்தில் தோள் மோதுகிற சத்தம் கேட்டது. இன்னொரு தடவை. பக்கத்து வீட்டு ஆள் யாரோ கத்தினார். பிறகு ஒரு முறிவு, அவன் காலடிச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. அவள் பேனாவைத் தாளின்மேல் வைத்தபடி காத்திருந்தாள். மை ஒரு புள்ளியாகப் பரவியது.

“அக்கா.”

“சொல்லு.”

“உயிர் இருக்கு. குளியலறை வாசல்ல கிடக்கறாங்க. இடுப்பு போயிருக்கும்போல. பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டார், வந்துக்கிட்டிருக்கு. பேசறாங்க. நேத்து சாயங்காலம் விழுந்தாங்களாம். விளக்கு போட்ட கையோட. ராத்திரி பூராத் தரையிலதான்.”

நேற்று சாயங்காலம். அவன் வந்து கேட்டுவிட்டுப் போன அதே நாள். விழுந்து கிடக்கிற பெண் தண்ணீர் கேட்கிற குரல் தூரத்தில் கேட்டது. தண்ணீர் இப்போது தரக்கூடாதும்மா, கொஞ்சம் பொறுங்க என்று அவன் சொன்னான்.

“அக்கா, வருகைத் தேதி போட்டுடுங்க. இன்னிக்கு, அஞ்சு நாப்பது.”

“என் லாகின் இல்லப்பா. எடுத்துட்டாங்க.”

“அப்ப எழுதியாவது வைங்க.”

அவள் எழுதினாள். அவன் போனை வைக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் படியேறி வரும் வரைக்கும், போனின் அந்தப் பக்கத்தில் அந்தப் பெண் ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவதை அவள் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.